ஒன்பதாம் வினா

மனச்சோர்வை அறியும் பி.எச்.கியூ-9 படிவத்தின் கடைசி வினா, கடந்த இரண்டு வாரங்களில் சாவதே மேல் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா எனக் கேட்கிறது.

அமிர்திப் பக்கம் வெயில் ஏறினாலே 'செத்தாத் தேவலை' என்போம். அதையே தமிழ் வினாவில் வைத்தால், வேறொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பும்போது மூலம் அப்படியே வந்துவிடும், பிழை அகப்படாது. 'தற்கொலை' என்று எழுதினாலோ பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

மொழிபெயர்ப்பு வரைவு ஒன்றை, பெற்றோர் ஒப்புதலுடன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தனித்தனியே வாசித்துக் காட்டி, "இது என்ன கேட்குது? உன் பேச்சில் சொல்லு" என்றேன். "பரீட்சைன்னா எல்லாரும் சொல்றதுதானே சார்" என்று ஒருவன் சிரித்தான். ஒரு மாணவி சிரிக்கவில்லை. படிவத்தை மூடிவைத்தேன். அன்று மாலையே அவள் அம்மாவோடு மருத்துவமனைக்குப் போனோம்.

வினா சரியாக அளக்கிறதா என்பதை, விடைகளை மனநல மருத்துவரின் நேர்காணலோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அது நம் வேலையன்று. ஆனால் கணியம்பாடி வட்டாரத்தில் 1992–2001இல் 10–19 வயதுப் பெண்களிடையே தற்கொலை வீதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148, ஆண்களிடையே 58 என வேலூர் சி.எம்.சி. ஆய்வு கண்டது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், ஒன்பதாம் வினாவில் 'சில நாள்கள்' என்று குறித்த பிள்ளையிடம் அன்றே பேசுங்கள். 104, 14416 இரண்டு எண்களிலும் இரவிலும் பேசலாம்.