பெர்ல் பிழைச்செய்தியைக் கடைசி அடைப்புக்குறி வரை படியுங்கள்

பழைய பெர்ல் நிரலைப் பராமரிக்கும் வேலை கைக்கு வந்தால், 'கான்ட் லொக்கேட்' என்று தொடங்கும் இரண்டு பிழைச்செய்திகள் அடிக்கடி கண்ணில் படும். தொடக்கம் ஒன்றாக இருப்பதால் கோளாறும் ஒன்றே என்று எண்ணி, பலர் மாட்யூலை மறுபடி நிறுவ ஓடுகிறார்கள். வேண்டாம். முதலில் முழுச் செய்தியையும் படியுங்கள்.

'இன் @இன்க்' என்று வந்தால் ஃபைலே கிடைக்கவில்லை. பெர்ல் எந்தெந்த டைரக்டரியில் தேடியது என்ற பட்டியல் செய்தியிலேயே இருக்கும். உங்கள் டைரக்டரி அதில் உண்டா என்று பாருங்கள். டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் மட்டும் விழுகிறதா? உங்கள் லாகினில் வைத்த 'பெர்ல்5லிப்' கிரானுக்குத் தெரியாது. கிரான் வேறொரு பெர்லையே அழைத்துக்கொண்டும் இருக்கலாம். சர்வரை மாற்றியதும் நின்றுபோனதா? 2017-இல் வந்த 5.26 பதிப்பு, பாதுகாப்பு கருதி, நடப்பு டைரக்டரியை @இன்க்-இலிருந்து நீக்கிவிட்டது. 'யூஸ் லிப்' வரியில் சரியான பாதையைக் கொடுங்கள். @இன்க்-இல் சாதாரண 'புஷ்' செய்வது பலிக்காது. அது ஓடுவதற்கு முன்பே, கம்பைல் நேரத்திலேயே, 'யூஸ்' தன் வேலையை முடித்திருக்கும்.

'ஆப்ஜெக்ட் மெத்தட்' என்று வந்தால் விஷயம் வேறு. செய்தியின் முடிவில், லோட் செய்ய மறந்தீர்களோ என்று பெர்ல் கேட்கிறதா பாருங்கள். கேட்டால், அந்தப் பெயரில் பேக்கேஜே அதற்குத் தெரியாது: 'யூஸ்' வரி விடுபட்டிருக்கும், அல்லது பெயரில் எழுத்துப்பிழை. மேக் கணினியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் ஃபைல் பெரும்பாலும் திறந்துவிடும். பேக்கேஜ் பெயர்தான் பொருந்தாது. அதே நிரல் லினக்ஸுக்குப் போனால் முதல் வகைப் பிழையாக வெடிக்கும்.

கேள்வி இல்லாவிட்டால், பேக்கேஜ் இருக்கிறது, அதிலும் அதன் @ஈசா வழித் தாய் வகுப்புகளிலும் மெத்தட் இல்லை என்று பொதுவாகக் கொள்ளலாம். ஒரு விதிவிலக்கு: 'ஆர்டர்::ஐட்டம்' லோட் ஆகியிருந்தாலே 'ஆர்டர்' என்ற பெயரும் உருவாகிவிடும், அப்போது 'ஆர்டர்' லோட் ஆகாதபோதும் கேள்வி வராது. நான் முதலில் பார்ப்பது %இன்க். எந்தப் பாதையிலிருந்து எந்த ஃபைல் வந்தது என்று அது சொல்லும். புதிய மெத்தடை ஒரு பிரதியில் எழுதிவிட்டு, வேறு டைரக்டரியில் கிடக்கும் பழைய பிரதியை ஓட்டிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம்.

இந்த இரண்டும் இல்லாமல், 'அன்டிஃபைன்ட் வேல்யூ' மீது மெத்தடை அழைக்க முடியாது என்று வந்தால் மாட்யூலைத் தொடாதீர்கள். ஆப்ஜெக்டே உருவாகவில்லை, 'நியூ' என்ன திருப்பித் தந்தது என்று பாருங்கள்.

சர்வர் டீமுக்கு டிக்கெட் போடும்போது செய்தியைச் சுருக்காமல் அப்படியே ஒட்டுங்கள். எந்தப் பாதையில் உள்ள பெர்ல் ஓடியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.