மட்டையின் சாட்சி

அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தில் பெயர்பெற்றோர் கையாண்ட பழைய மட்டைகட்கு மதிப்பு மிகுதி. 1923-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், நியூயார்க் நகரத்து யாங்கி ஸ்டேடியத்தின் முதல் ஆட்டத்தில் பேப் ரூத் ஹோம் ரன் அடித்த மட்டை, 2004-இல் 12 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. ஆதலின் போலிகள் தோன்றுதல் இயல்பே. மெய்யானதை அறிவது எங்ஙனம்?

பொறித்த பெயர் மட்டும் சான்றாகாது. 1905-இல் ஹோனஸ் வாக்னர் தம் கையொப்பத்தைப் பொறிக்க லூயிவில் நகரத்துத் தொழிற்சாலைக்கு உரிமை அளித்தார். பின்னர்க் கடைகளில் எவர்க்கும் விற்ற மட்டைகளும் ஆட்டக்காரர் பெயர்களைத் தாங்கின.

முதற்கண் தொழிற்சாலை முத்திரையை நோக்கல் வேண்டும். அதன் அமைப்புக் காலந்தோறும் மாறிற்று. ஆட்டக்காரர் ஓய்வுபெற்றபின் வழங்கிய முத்திரை பொய்யைக் காட்டிக்கொடுக்கும். அடுத்து, அளவுகள் தொழிற்சாலைக் கணக்கேட்டோடு ஒத்தல் வேண்டும். மரம் உலர்தலால் நிறை சிறிது குறையலாம். நீளம் அவ்வாறு குறையாது.

மூன்றாவது, ஆட்டத்தின் வடு. பந்துத் தையலின் பதிவும், கைப்பிடியிற் படிந்த கீலும், பிளவும் மட்டை ஆடப்பட்டதைக் கூறும். ஆடியவர் இன்னாரெனக் கூறா. அவரைச் சுட்டுவது அவர்தம் பழக்கமே. ரூத் 1927-இல் தாம் அடித்த ஹோம் ரன்களுக்கு அடையாளமாக முத்திரையைச் சுற்றி 21 வெட்டுக்கள் இட்ட மட்டையொன்று லூயிவில் அருங்காட்சியகத்தில் உளது.

வெட்டையும் போலியாக இடலாமன்றோ எனின், இடலாம். ஒரு சான்றைப் புனைதல் எளிது. அனைத்தும் தம்முள் ஒத்துரைக்குமாறு புனைதல் அரிது. அவற்றுள் ஒன்று முரணினும், விலை எத்துணைப் பெரிதாயினும், 'மெய்' எனக் கையொப்பமிடாமையே ஆராய்வோன் கடன்.