தன்மையாகச் சொல்லுங்கள்: ‘கோசோங்’

மஸ்ஜித் இந்தியா பக்கம் சாமான் வாங்கப் போனால், தெரிந்தவர் யாராவது கையைப் பிடித்து ஒட்டுக்கடைக்கு அழைக்காமல் விடமாட்டார். அன்போடு வாங்கித் தரும் தே தாரேக்கை, இனிப்பு நீர் உள்ள நீங்கள் எப்படி மறுப்பது?

வெடுக்கென்று மறுத்தால் அவர் முகம் வாடிப்போகும். விளையாட்டாக மறுத்தால் அவரும் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு கிளாசை நீட்டுவார். தன்மையாகச் சொல்வது வேறு. முகத்தில் சிரிப்பு இருக்கும், பேச்சில் பிடி இருக்கும். “உங்களோடு உட்கார்ந்து பேசத்தான் வந்தேன் தம்பி, எனக்குத் தே ஓ கோசோங் போதும்” என்று சொல்லிப் பாருங்கள்.

‘சீனி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. தே தாரேக்கில் ஊற்றும் டின் பாலிலேயே சீனி இருக்கிறது. தே ஓ கோசோங் என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் உள்ளது. அழைத்தவருக்கும் இருக்கலாம், யார் கண்டது!

கிளினிக்கில் தாதி, “மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்கும்போது மட்டும் பேச்சை விளையாட்டாக மாற்றாதீர்கள். சாப்பிடாமல் விட்ட நாட்களை அப்படியே சொல்லுங்கள்.