காட்டில் எதற்குப் பயப்பட வேண்டும்?

சனி, ஞாயிறு வந்தால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் பதில் தயாராக இருக்கிறது: மால், சினிமா, கடற்கரை, கோயில். பக்கத்தில் ஒரு காடு இருக்கிறதே, ஒரு ஏரிக்கரை இருக்கிறதே, நடந்துவிட்டு வரலாமே என்று யாராவது சொன்னால் பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை தடுப்பார்கள். பாம்பு இருக்கும், கொசு பிடுங்கும், சின்னப் பிள்ளை எப்படி நடக்கும்? அக்கறையில் வரும் பேச்சுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்தப் பயங்களில் பலவும் தவறான இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. அதனால் இரட்டை நஷ்டம். பயப்படத் தேவையில்லாத இடங்களுக்குப் பிள்ளைகள் போவதே இல்லை; நிஜமான ஆபத்து இருக்கும் இடத்திலோ குடும்பத்தோடு கவலையில்லாமல் இறங்கிவிடுகிறோம்.

முதலில் பாம்பு. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். நெஞ்சை அடைக்கும் கணக்கு. ஆனால் இறந்தவர்கள் யார்? பெரும்பாலும் கிராமத்து மக்கள்: வயலில் வேலை செய்தவர்கள், இருட்டில் செருப்பில்லாமல் வெளியே போனவர்கள், தரையில் பாய் விரித்துத் தூங்கியவர்கள். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தூங்குகிறவரைக் கடிக்கிற பாம்பு. ஆகவே காலை வெளிச்சத்தில், ஷூ போட்டுக்கொண்டு, தெளிவான பாதையில் நடக்கும் குடும்பம் இந்தக் கணக்கின் ஓரத்தில்தான் வரும். அதற்காக, ‘காலடி அதிர்வு கேட்டால் எல்லாப் பாம்பும் ஓடிவிடும்’ என்ற ஆறுதலையும் நம்பிவிடக் கூடாது. அது பாதி உண்மை. சாரையும் நாகமும் பெரும்பாலும் விலகிப் போகும். கண்ணாடி விரியன் சருகோடு சருகாக அசையாமல் கிடக்கும். பாதையை விட்டு இறங்காமல் இருப்பதும், கல்லுக்கும் கட்டைக்கும் அடியில் கை விடாமல் இருப்பதும் அதற்காகத்தான். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் கேடு. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே போவதுதான் சிகிச்சை.

சதுப்பு நிலத்தின் மீதுள்ள பழி இன்னும் பெரியது. ராத்திரியில் சதுப்பில் தீ எரிந்தால் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள்; மட்கும் தாவரங்களிலிருந்து கிளம்பும் வாயு எரிவதுதான் அது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். பிசாசை இன்று யாரும் அவ்வளவாக நம்புவதில்லை. அந்த இடத்தில் இப்போது கொசு வந்து உட்கார்ந்துகொண்டது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது நம் வீட்டு வாசலில் கிடக்கும் டயரில், தேங்காய் ஓட்டில், மூடாத டிரம்மில், ஃபிரிட்ஜின் பின்னால் தேங்கும் தண்ணீரில். சென்னையில் மலேரியாவைப் பரப்பிவந்த அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவுக்குப் பிடித்த இடம் கிணறும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும். மீனும் தும்பியின் இளம்புழுவும் நிறைந்த உயிருள்ள சதுப்பில் கொசுப்புழு எளிதில் தப்பாது. ‘சாக்கடை கலக்கும் சதுப்பில் கொசு மொய்க்கிறதே’ என்று கேட்டால், உண்மைதான். ஆனால் அந்தக் கொசு, சதுப்பில் நாம் கொண்டுவந்து கொட்டிய சாக்கடையின் கொசு. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பையே பாருங்கள். அதைக் கழுவேலி என்று அழைத்தவர்களுக்கு அது வெள்ளம் வந்து தங்கும் நிலம் என்பது தெரிந்திருந்தது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கு அனுப்பும் நிலம் அது. பிறகு அதைத் தரிசு என்றோம், ஒரு பகுதியில் குப்பையைக் கொட்டினோம். 2022இல் அதன் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே இப்போது நடைபாதையோடு பூங்கா இருக்கிறது. தள்ளுவண்டியில் உட்காரும் குழந்தையையும் அழைத்துப் போகலாம். மிதக்கும் இலைமேல் நீண்ட விரல்களை விரித்து நடக்கும் நீளவால் இலைக்கோழியைப் பார்த்தால் பிள்ளையிடம் ஒன்று சொல்லுங்கள்: அதில் அடைகாப்பது அப்பா.

‘சின்னப் பிள்ளையால் நடக்க முடியாது’ என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையால் நடக்க முடியும். நம் வேகத்தில் நடக்க முடியாது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 4 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு பாதை பெரியவருக்கு 48 நிமிடமும் அரை மணியுமாக ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏழு வயதுப் பிள்ளை கூட வந்தால் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வதே நல்லது. பிள்ளை களைத்துப்போவதால் மட்டும் அல்ல, நின்று பார்ப்பதாலும்தான் அந்த நேரம். மாமரக் கிளையில் முசுறு எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளின் ஓரத்தைச் சேர்த்து இழுத்துப் பிடித்திருக்கும். வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அந்தப் புழு விடும் பட்டு நூலால் இலைகளைத் தைக்கும். இதை ஒரு பிள்ளை கால் மணி நேரம் பார்க்கும். ‘சீக்கிரம் வா’ என்று கையைப் பிடித்து இழுத்தால், வந்த காரியத்தையே கெடுத்தோம் என்று அர்த்தம். உச்சியைத் தொட்டே ஆக வேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை.

சரி, பயப்பட வேண்டியது எதற்கு? பருவத்துக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேட்டை நோக்கி மனிதரைவிட வேகமாக ஏறும். மேலே ஏறித் தப்பிக்க நினைப்பவரை அது துரத்திப் பிடிக்கும். கோடைத் தொடக்கத்தில் வனத்துறை மலைத்தடங்களை மூடுவது வீண் கெடுபிடி அல்ல. அடுத்தது தண்ணீர். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. நாம் நிற்கும் இடத்தில் மழை இல்லை என்பதால் ஓடை பாதுகாப்பு என்று ஆகாது. மழை மலையின் மேல் பெய்தால் போதும். ‘மலை ஊற்றுத் தண்ணீர் அமிர்தம்’ என்று பிள்ளைக்கு அள்ளிக் கொடுப்பதும் வேண்டாம். மேலே எந்த விலங்கு இறங்கிச் சிறுநீர் கழித்தது என்று நமக்குத் தெரியாது, எலிக்காய்ச்சல் அப்படியும் வரும். மூன்றாவது, புண்ணியம் என்று நினைத்துக் குரங்குக்குப் போடும் பிஸ்கட். பழகிய குரங்கு பையைப் பறிக்கும், கடிக்கும். கடித்தால் ரேபிஸ் ஊசி. பாம்புக்கு நடுங்குகிறவர்கள் குரங்கின் முன் பிள்ளையை நிறுத்தி போட்டோ எடுப்பது நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

‘யானைக் காட்டுக்கும் இப்படித்தானா?’ என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் யானை நிஜமான ஆபத்து. அங்கே வழிகாட்டி இல்லாமல் ஓரடியும் வைக்கக் கூடாது. ‘காடு எல்லோருக்கும் பொதுதானே, யாரைக் கேட்க வேண்டும்?’ என்பதும் பிழை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 தடங்கள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். கட்டணம் ஒரு குடும்பத்துக்குச் சுமைதான், அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது நியாயம். ஆனால் கட்டணத்தை மிச்சப்படுத்தக் குறுக்குவழியில் ஏறுவது நியாயம் ஆகாது.

முதல் நடைக்கு மலையே வேண்டாம். வேடந்தாங்கல் ஏரிக்கரை போதும். 30 ஹெக்டேர்தான். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர் மக்கள் போராடி 1798இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் உரிமை வாங்கிய இடம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள், ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பைனாகுலர் இருந்தால் அதை முதலில் பிள்ளையின் கையில் கொடுங்கள்.