வரியும் சட்டமும்: விசுவாசிகளின் கடமை



செசாருக்கு வரி கொடுக்கலாமா என்று பரிசேயர் கேட்டபோது, நமதாண்டவர் சேசுநாதர் ஒரு நாணயத்தைக் காட்டச் சொல்லி, செசாரின் உரிமையையும் சர்வேசுரனின் உரிமையையும் பிரித்துக் காட்டினார். இதில் இரண்டு பாடங்கள் அடங்கியுள்ளன. அரசாங்கத்துக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அரசாங்கம் கடவுள் அல்ல, அதன் அதிகாரத்துக்கு எல்லை உண்டு.

1. வரி செலுத்துவது மனச்சாட்சிக் கடமை

தண்டனைக்குப் பயந்து மட்டுமல்ல, மனச்சாட்சியின் பொருட்டும் வரி செலுத்தவேண்டுமென அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் (அதி. 13) போதிக்கிறார். 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூலும் (எண் 2240) இதையே கற்பிக்கிறது. காரணம் எளிது. தெருவிளக்கு, குடிநீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் பொதுப் பணத்தால் நடக்கின்றன. ஒருவன் தன் பங்கை மறைத்தால் அந்தச் சுமை அயலான் தலையில் விழும்.

2. அதிகாரத்துக்கு வரம்பு உண்டு

நீதியான சட்டத்துக்கு அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் மூன்று அடையாளங்கள் சொல்கிறார். அது பொது நன்மைக்காக இருக்கவேண்டும். அதை இயற்றுபவர் தம் அதிகார வரம்பை மீறக்கூடாது. சுமை மக்கள்மேல் சரிவரப் பங்கிடப்படவேண்டும். ஆள்பவன் தன் பேராசைக்காகச் சுமத்துவது சட்டமல்ல, பலவந்தமே என்பது அவர் போதனை.

இதற்கு ஓர் உதாரணம். 1504-ல் இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றி, தம் மகளின் விவாகத்தை முன்னிட்டுப் பாராளுமன்றத்திடம் பெருந்தொகை கேட்டார். வாலிபரான அர்ச். தோமாஸ் மூர் எழுந்து நியாயத்தோடு எதிர்த்துப் பேசவே, அரசரின் எண்ணம் நிறைவேறவில்லை. கோபமுற்ற அரசர், வீண் காரணம் காட்டி மூரின் தகப்பனாரைச் சிறையிலிட்டு, 100 பவுன் அபராதம் கட்டிய பிறகே விடுவித்தார் என்று மூரின் மருமகன் ரோப்பர் எழுதிவைத்திருக்கிறார். சட்டம் அரசனுக்கு மேலே நிற்காத நாட்டில் குற்றமற்றவனுக்கும் பாதுகாப்பில்லை என்பதை இதனால் அறியலாம்.

3. நமது தேசத்தில்

1950-ல் அமுலுக்கு வந்த நமது அரசியல் சாசனம் இதற்கு மூன்று பூட்டுகள் போட்டிருக்கிறது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது (பிரிவு 265). வசூலான பணம் பொது நிதியில் சேரும். சட்டப்படியன்றி அதிலிருந்து எடுக்க முடியாது (பிரிவு 266). தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்குகளைச் சோதித்துத் தரும் அறிக்கை பாராளுமன்றத்திலும் சட்டசபையிலும் வைக்கப்படும் (பிரிவு 151). வருமான வரி கட்டாத கூலித் தொழிலாளியும் சோப்பு வாங்கும்போது சரக்கு சேவை வரி கொடுக்கிறான். ஆகையால் கணக்குக் கேட்கும் உரிமை அவனுக்கும் உண்டு.

வீட்டில் கேட்டுப் படிக்க

கேள்வி: இரசீது வேண்டாம், பாதிப் பணம் கையில் கொடுத்தால் போதும் என்று வசூலிப்பவர் சொன்னால், கொடுக்கலாமா?
பதில்: கூடாது. பொதுப் பணம் பொக்கிஷத்தில் சேராமல் போகிறது; அவரும் லஞ்சப் பாவத்தில் விழுகிறார். விதிக்கப்பட்டதற்கு மேல் வாங்கலாகாதென்று ஸ்நாபக அருளப்பர் ஆயக்காரருக்குச் சொன்னார். குறைத்து வாங்கித் தன் மடியில் போடுவதும் அதே அநீதிதான். முழுத் தொகையைக் கட்டி இரசீது பெறுங்கள்.

கேள்வி: வரி அநியாயமாகத் தோன்றினால்?
பதில்: ஒளித்து ஏமாற்றுவது வழியல்ல. மேல்முறையீடு செய்யலாம், உயர் நீதிமன்றத்தை அணுகலாம், கிராம சபையில் எழுந்து கேட்கலாம், விவேகத்தோடு வாக்களிக்கலாம். சட்டத்தை மீறுகிறவன், சட்டம் தன்னைக் காக்கவேண்டுமென்று எந்த முகத்தோடு கேட்பான்?

கேள்வி: சட்டமே பாவத்தைக் கட்டளையிட்டால்?
பதில்: அப்போது சர்வேசுரனுக்கே கீழ்ப்படிய வேண்டும். இங்கிலாந்தின் திருச்சபைக்குத் தலைவர் எட்டாம் ஹென்றி அரசரே என்று ஒப்புக்கொள்ள மறுத்து, 1535-ல் அர்ச். தோமாஸ் மூர் தலை கொடுத்தார். 2000-ம் வருடத்தில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை ஆட்சியாளருக்கும் அரசியல்வாதிகளுக்கும் பாதுகாவலராக ஏற்படுத்தினார்.

ஆகவே, பிரியமானவர்களே, இவ்வாரக் குடும்பச் செபமாலையில் நம்மை ஆளுகிறவர்களுக்காகவும், வரி வசூலிக்கும் உத்தியோகஸ்தர்களுக்காகவும் ஒரு பத்து மணி செபம் ஒப்புக்கொடுப்போமாக.