எந்தக் காமிரா வாங்குவது?

செரண்டாவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் உழைத்து முதுமை எய்திய நம் பெரியவர்களை, அவர்கள் நம்மோடு இருக்கும்போதே படம் பிடித்து, பெயரும் வாழ்ந்த தோட்டமும் செய்த தொழிலும் எழுதி வைத்துவிட வேண்டும் என்னும் பேச்சு நம்மிடையே நெடுநாளாக இருந்துவருகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் இன்று வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன. தோட்டத்து வாயிலில் நாற்பது ஆண்டு கடை வைத்திருந்த ஒரு பெரியவருக்கு அடையாள அட்டையில் உள்ள படம் தவிர வேறு படமே இல்லை என்பதை அவருடைய ஜனாஸாவன்றுதான் நாம் அறிந்தோம். அந்த வருத்தம் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை.

இதற்கெனச் சங்கப் பணத்தில் ஒரு காமிரா வாங்கலாம் என்று கூறியதும் நம் இளைஞர் இரு கட்சியாகப் பிரிந்தனர். லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்டு, அருகிலிருப்பதையும் தொலைவிலிருப்பதையும் அது ஒன்றினாலேயே எடுக்கவல்ல பிரிட்ஜ் காமிராவே வேண்டும் என்பது ஒரு கட்சி. லென்ஸைக் கழற்றி மாற்றத்தக்க ஃபுல் ஃபிரேம் மிர்ரர்லெஸ் காமிராவே வேண்டும் என்பது மறு கட்சி. சந்தாப் பணம் பலருடைய வியர்வை. ஆதலின் இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

முதற்கண் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். சட்டைப் பையில் வைக்கும் சிறு காமிராவுக்கும், லென்ஸ் மாற்றும் பெரிய காமிராவுக்கும் இடையே பாலம் போன்று அமைந்ததால் முன்னதற்குப் பிரிட்ஜ் என்று பெயர் வந்தது. ஃபுல் ஃபிரேம் என்பது 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒளித்தகட்டைக் குறிக்கும். ஜெர்மனியில் ஆஸ்கர் பர்நாக் என்பார் சினிமாப் பிலிமைக் கொண்டு அமைத்து, 1925-இல் லைக்கா என விற்பனைக்கு வந்த காமிராவின் படச்சட்டம் இதே அளவுதான். பிலிம் போய்விட்டது, அளவு மட்டும் நின்றுவிட்டது. உள்ளே கண்ணாடி இல்லாமல், தானே குவியம் காணும் ஃபுல் ஃபிரேம் காமிராவை சோனி நிறுவனம் 2013-இல் கொணர்ந்தது. நிக்கானும் கேனனும் 2018-இல் பின்தொடர்ந்தன.

பிரிட்ஜ் காமிராக்களின் தகடு இதனினும் மிகச் சிறியது. 3000 மில்லிமீட்டர் வரை எட்டும் என்று பலரையும் வியக்க வைத்த நிக்கான் பி1000, 2018-இல் வந்தது. அதன் தகடு ஏறத்தாழ 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் தகடு பரப்பில் அதைப்போல் முப்பது மடங்கு. 2017-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் வகையின் தகடு 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், இதனோடு ஒப்பிட்டால் ஏழு மடங்கு. (இதனை ஒரு அங்குலத் தகடு என்பர். அளவுகோல் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கத்திலும் ஓர் அங்குலம் இராது! பழைய டெலிவிஷன் காமிராக் குழாய்களின் வெளிவிட்டத்தைக் கொண்டு பெயர் சொல்லும் வழக்கத்தின் மிச்சம் அது. வியாபாரிகளுக்கு அந்தப் பெயரை விட மனமில்லை.)

தகடு பெரிதானால் படம் நல்லதாகும் என்று இளைஞர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர். அது பாதி உண்மை. தகட்டுக்கு ஒளியைக் கொண்டு சேர்ப்பது லென்ஸின் துவாரம் அல்லவா? கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்த இப்னு ஹைதம், கிரகண காலத்துச் சூரிய ஒளியைத் துவாரத்தின் வழியே விழச்செய்து, துவாரம் சிறிதானால் பிறை தெரிவதையும் பெரிதானால் அது மறைந்து வட்டமாவதையும் ஆராய்ந்து எழுதினார். காமிரா வாங்கப் போகிறவரும் துவாரத்திலிருந்தே தொடங்குவது நலம்.

துவாரத்தின் விட்டத்தைக் காணக் கணக்கு எளிது. லென்ஸின் குவிய நீளத்தை அதன்மீது பொறித்துள்ள எஃப் எண்ணால் வகுக்க வேண்டும். மேற்சொன்ன சோனி பிரிட்ஜ் காமிரா, 600 மில்லிமீட்டருக்கு இணையான தூரப் பார்வையைத் தரும்போது அதன் மெய்யான குவிய நீளம் 220 மில்லிமீட்டர். எஃப் எண் 4. ஆகவே துவாரம் 55 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேமுக்கு சோனி 2019-இல் வெளியிட்ட 200-600 லென்ஸில் 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மில்லிமீட்டர். ஒரே பறவையை, ஒரே தூரத்திலிருந்து, ஒரே நேர அளவில் எடுத்தால் இரண்டாவது காமிராவுக்குள் மூன்று மடங்கு ஒளி போகும். ஏழு மடங்கு அன்று; மூன்றுதான். அந்த மூன்று மடங்குக்காக ஏழாம் வகை நான்கு காமிரா உடலோடு சேர்த்து ஏறத்தாழ 2.8 கிலோ சுமக்க வேண்டும். பிரிட்ஜ் காமிராவின் எடை 1.1 கிலோ.

இன்னொன்றையும் பாருங்கள். 2020-இல் கேனன் வெளியிட்ட 600 மில்லிமீட்டர் லென்ஸ் எடை குறைந்தது, விலையும் குறைந்தது. அதன் எஃப் எண் 11. வகுத்தால் 54.5 மில்லிமீட்டர்! அதாவது பெரிய தகட்டுக் காமிராவில் இந்த லென்ஸைப் பூட்டினால், தொலைவிலிருக்கும் பறவையிடமிருந்து கிடைக்கும் ஒளி அந்தப் பிரிட்ஜ் காமிராவுக்குக் கிடைப்பதே. இதை அறியாமல் தவணையில் கடன் பட்டு வாங்கியவர் நமக்குத் தெரிந்தவரிலேயே இருக்கிறார்.

இப்பொழுது கோல சிலாங்கூருக்குப் போவோம். புக்கிட் மெலாவத்தியின் அடிவாரத்தில் 1987-இல் அமைந்த இயற்கைப் பூங்காவுக்கு நம் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். மீன்கொத்தியும் கொக்கும் பகல் வெளிச்சத்தில், பிள்ளைகள் கூச்சலிடும் முன் இரண்டு விநாடி நிற்கும். அங்கு பிரிட்ஜ் காமிராவே கைகொடுக்கும். மேலே ஏறினால் லுத்தோங் குரங்குகள் கையருகே வந்துவிடுகின்றன. லென்ஸை மாற்ற நேரம் ஏது? அதே ஜூமைப் பின்னுக்கு இழுத்தால் போதும். ஆனால் 3000 மில்லிமீட்டர் என்னும் பெருமையை நம்பி, சேற்றுத் திட்டின் மறுகோடியில் நிற்கும் நாரையை நண்பகலில் எடுக்க முயல வேண்டா. இடையிலுள்ள காற்று வெப்பத்தால் அலையும்; படமும் அலையும். அதைத் திருத்த எந்த லென்ஸாலும் இயலாது.

மின்மினிக்குப் பேர் பெற்ற கம்போங் குவாந்தானின் கதை வேறு. பெரெம்பாங் மரங்களில் அவை ஒன்றுபோல் விட்டுவிட்டு ஒளிரும் காட்சியை எந்தக் காமிராவால் எடுப்பது என்று ஒரு தம்பி கேட்டார். சம்பான் ஆடும், முக்காலி நிற்காது, பிளாஷ் ஒளி அப்பூச்சிகளுக்கு ஆகாது. காமிராவைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள், தம்பி.

இனி நம் முதல் நோக்கத்துக்கு வருவோம். பெரியவர்கள் வீட்டுக்குள் அமர்ந்திருப்பவர்கள். பலகை வீடுகளில் சன்னல் ஒளியே உண்டு. நிக்காஹ் மண்டபங்களிலோ இரவு விளக்கு. இவ்விடங்களில் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் பூட்டிய ஃபுல் ஃபிரேமின் துவாரம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். அதே பார்வையில் பிரிட்ஜ் காமிராவின் துவாரம் ஆறு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். உட்புகும் ஒளியின் வேறுபாடு பதினைந்து மடங்குக்குக் குறையாது. பறவைக்கு மூன்று மடங்கென்று கண்ட நாம் இங்கே பதினைந்தைக் காண்கிறோம். பெரியவரின் கை நடுங்கினாலும் படம் கலங்காமல் ஷட்டரை விரைவாக வைக்கலாம். முகத்தின் சுருக்கங்கள் சேறுபோல் குழம்பாமல் தெளியும். கண்ணைக் கூசவைக்கும் பிளாஷும் தேவையில்லை.

விலையிலும் ஒரு வியப்பு உண்டு. அந்தப் பிரிட்ஜ் காமிரா அமெரிக்காவில் வெளிவந்தபோது 1700 டாலர். 2019-இல் வந்த கேனன் ஆர்பி என்னும் ஃபுல் ஃபிரேம் உடல் 1300 டாலர். அதற்கான 50 மில்லிமீட்டர் லென்ஸ் 200 டாலர். கூட்டினால் 1500. ஃபுல் ஃபிரேம் என்றாலே செல்வந்தர் பொருள் என்று நாமும் எண்ணியிருந்தோம். செல்வத்தைத் தின்பது தூர லென்ஸ்தான்; மேற்சொன்ன 200-600 லென்ஸ் ஒன்றே 2000 டாலருக்கு வந்தது. இவை வெளியீட்டு விலைகள். பழையதாக வாங்குவோர் இவற்றை நினைவில் கொண்டு பேரம் பேசலாம்.

ஒரு தவற்றையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். சென்ற பெருநாளன்று இரவல் வாங்கிய ஃபுல் ஃபிரேமில், எஃப் 1.8-லேயே வைத்து மூன்று வரிசைக் குழுப்படம் எடுத்தோம். முன்வரிசைப் பிள்ளைகள் மட்டும் தெளிவு. பின்வரிசைப் பெரியவர்கள் யாவரும் பனிமூட்டத்தில் நின்றார்கள். துவாரத்தை எஃப் 8-க்குச் சுருக்கியிருக்க வேண்டும். பிரிட்ஜ் காமிராவாக இருந்தால் இத்தவறு அவ்வளவு எளிதில் நேராது. அதன் சிறு தகடு முன்னும் பின்னும் தானே தெளிவு தந்துவிடும்.

நம் ஊர் ஈரத்தையும் மறக்கலாகாது. லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்தால், மாற்றும் லென்ஸாயின் அதை மட்டும் ஒதுக்கலாம்; பிரிட்ஜ் காமிராவாயின் முழுக் காமிராவும் போயிற்று. மறுபுறம், செம்மண் புழுதி பறக்கும் தோட்டத்துச் சாலையில் லென்ஸைக் கழற்றினால் தகட்டில் தூசு படியும். எதை வாங்கினும், ஈரப்பதத்தை நூற்றுக்கு 40 முதல் 50 வரை வைத்திருக்கும் உலர்பெட்டி ஒன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். பெட்டிக்குப் பணம் இல்லையெனில் காமிராவைத் தள்ளிப்போடுவதே மேல். பழைய படங்களைப் பிரதி எடுப்பதற்கோ, சன்னலோரத்தில் கைத்தொலைபேசியே போதும்.

இவற்றை எல்லாம் செயற்குழுவின் முன் வைத்தோம். பழைய ஃபுல் ஃபிரேம் உடல் ஒன்று, 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, உலர்பெட்டி ஒன்று என முடிவாயிற்று. சுற்றுலாவுக்கு, நம் உறுப்பினர் ஒருவரிடம் உள்ள பிரிட்ஜ் காமிராவை அவரே தருவதாக ஒப்புக்கொண்டார். பறவைக் கட்சியாருக்குச் சிறிது மனத்தாங்கல்தான்.

பதிவேட்டில் முதலாவதாக எண்பத்தாறு வயது அம்மா ஒருவரின் பெயர் எழுதப்பட்டுள்ளது. முன்னறையில் நாற்காலி போட்டுத் திரை கட்டலாம் என்றோம். அவர் இணங்கவில்லை. அடுக்களைக் கதவோரம், காலைப் பத்து மணிக்குள் வாருங்கள், அங்குதான் நல்ல வெளிச்சம் என்கிறார். அடுத்த ஞாயிறு அங்கேதான் போகிறோம்.