சேமிப்பும் அரசின் உதவியும்

சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம் நாட்டுப் பழமொழி. சேமிப்பின் பெருமையைப் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கு என்கிறார் ஆசிரியர். உண்டியலில் போட்டு வை என்கிறார் அன்னை. ஆனால், வறியவர்க்கு அரசு வழங்கும் உதவியைப் பெறச் செல்லும்போது, "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்னும் கேள்வி முன்னே வந்து நிற்கிறது. இருக்கிறது என்று சொன்னால் உதவி குறையலாம். அடியோடு நின்றும் போகலாம். அவ்வாறாயின் சேமித்தவன் தண்டனை பெறுகிறானா? செலவழித்தவன் பரிசு பெறுகிறானா?

இது பொருளியல் மாணவர்க்கு மட்டும் உரிய கேள்வி அன்று. நம்மில் பலருடைய வீட்டு அடுப்பும், மருத்துவச் செலவும், படிப்பும் இதனோடு பிணைந்துள்ளன. ஆதலின் அறிவியல் மாணவனாகிய நானும் இதை எழுதத் துணிந்தேன்.

ஏரியும் வாய்க்காலும்

அரசின் உதவி இருவகைப்படும். எல்லார்க்கும் பொதுவாக அளிப்பது ஒன்று. வறியவர் இன்னார் எனக் கண்டு அளிப்பது மற்றொன்று. கருநாடகத்தில் 2023 ஜூன் மாதம் தொடங்கிய பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணம் முதல் வகையைச் சாரும். நடத்துநர் எந்தப் பெண்ணிடமும் வருமானம் கேட்பதில்லை. முன்னுரிமைக் குடும்பங்களுக்கு அன்னபாக்கியத் திட்டத்தில் தரும் அரிசி இரண்டாம் வகை. இதற்குத் தகுதி காண வேண்டும்.

தகுதி காண்பவர் இரண்டை அளக்கலாம். ஒன்று வருமானம்; மற்றொன்று சேமிப்பு. வாய்க்கால் வழியே வந்துகொண்டிருக்கும் நீர் வருமானம். ஏரியில் தேங்கி நிற்கும் நீர் சேமிப்பு. வாய்க்கால் வறண்டவனுக்கு உதவி தேவை என்பதில் ஐயமில்லை. ஏரியில் சிறிது நீர் இருக்கிறதே, அதை என் செய்வது? "முதலில் அதைக் குடி, பிறகு எம்மிடம் வா" என்று சொல்வது ஒரு வழி. "அது கோடைக்கு வேண்டும், இருக்கட்டும்" என்று விடுவது மற்றொரு வழி. உலக நாடுகளின் விதிகள் எல்லாம் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கேனும் ஓரிடத்தில் நிற்பவையே.

பிற நாட்டார் கண்ட வழி

இங்கிலாந்தில் 1931இல் வேலையற்றோர் பெருகியபோது, உதவி தருமுன் குடும்பம் முழுவதன் வருமானத்தையும் சேமிப்பையும் அதிகாரிகள் ஆராய்ந்தார்கள். மகன் நான்கு காசு ஈட்டினால் தந்தையின் உதவி குறைந்தது. இச்சோதனையின்மீது அந்நாட்டுத் தொழிலாளர் கொண்ட வெறுப்பு நெடுநாள் ஆறவில்லை. குடும்பம் முழுவதையும் சோதிக்கும் அம்முறையை 1941ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. ஆனால் சேமிப்பைக் கணக்கிடும் வழக்கம் நீங்கவில்லை.

2013இல் அங்குத் தொடங்கிய யுனிவர்சல் கிரெடிட் என்னும் உதவியின் விதி இது: சேமிப்பு 6,000 பவுனுக்குள் இருந்தால் அதைக் கருதுவதில்லை. அதற்குமேல் ஒவ்வொரு 250 பவுனுக்கும், அல்லது அதன் பகுதிக்கும், மாதம் 4.35 பவுன் வருமானம் வருவதாக வைத்துக்கொண்டு உதவியைக் குறைக்கிறார்கள். 16,000 பவுனைத் தாண்டினால் உதவியே இல்லை. 10,000 பவுன் வைத்திருப்பவருக்கு 6,000 போக எஞ்சியது 4,000. அதில் 250கள் பதினாறு. ஆகவே மாதம் 69.60 பவுன் குறையும்.

இதை ஆண்டுக் கணக்காக மாற்றிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 250 பவுனுக்கு ஆண்டில் 52.20 பவுன், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 21 வட்டி! எந்த வங்கியும் வழங்காத வட்டியை ஏழைக்குக் கிடைப்பதாகக் கற்பனை செய்து, அதை அவனுடைய உதவியிலிருந்து கழிக்கிறது விதி. உதவி பெறுவதற்காகவே பணத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டாலும், அது இன்னும் அவரிடமே இருப்பதாகக் கருதப்படும். இலண்டனில் குடியேறிய ஈழத் தமிழர்களுள் முதல் வீட்டுக்கோ மகளின் திருமணத்துக்கோ பணம் சேர்த்து வருபவருக்கு இவ்விதி ஏட்டுச் செய்தியன்று.

அமெரிக்காவில் விதி இன்னும் கடுமை. அங்கு முதியோருக்கும் உடற்குறை உடையோருக்கும் வழங்கும் துணை வருமானத்தைப் பெற, தனி ஒருவரின் எண்ணத்தக்க உடைமை 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. குடியிருக்கும் வீடும் ஒரு வண்டியும் கணக்கில் சேரா. இவ்வரம்பு 1989இல் வைத்தது. விலைவாசி ஏறிற்று, வரம்பு ஏறவில்லை. இத்தகைய விதிகள் எளியவர்களைச் சேமிக்க விடாமல் செய்கின்றன என்பதை ஹப்பர்டு, ஸ்கின்னர், செல்டெஸ் என்னும் பொருளியல் அறிஞர் மூவர் 1995இல் ஆராய்ந்து காட்டினர்.

நம் நாட்டு வழி

நம் நாட்டு விதிகளில் வங்கி இருப்புக்கு வரம்பு கட்டியிருப்பதைக் காண்பது அரிது. மாறாக, கண்ணுக்குத் தெரியும் பொருள்களே அளவுகோல்களாக உள்ளன. வெப்பமானியில் நாம் பார்ப்பது பாதரசத்தின் நீளத்தை. அறிய விரும்புவது வெப்பநிலையை. அதுபோல நிலத்தையும் வண்டியையும் பார்த்துச் செல்வத்தை மதிப்பிடுகிறார்கள்.

2011இல் எடுத்த சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில், ஊர்ப்புறக் குடும்பத்தை வறியவர் பட்டியலிலிருந்து உடனே நீக்கும் அடையாளங்களாகச் சில குறிக்கப்பட்டன. இருசக்கர வண்டி, குளிர்பதனப் பெட்டி, கம்பித் தொலைபேசி, மூன்றறைக் கல்வீடு ஆகியவை அவற்றுட் சில. ரூ.50,000க்குக் குறையாத கடன் வரம்புள்ள உழவர் கடன் அட்டையும் அதில் ஒன்று! கடன் வாங்கும் தகுதியே செல்வத்தின் அடையாளமாகிவிட்டது. காலம் மாறியதை உணர்ந்து, ஊரக வீட்டுவசதித் திட்டத்துக்கு மட்டும் இருசக்கர வண்டி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றை 2024இல் நடுவண் அரசு நீக்கியது.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15ஆம் நாள் மாதம் ரூ.1,000 வழங்கும் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது வைத்த தகுதிகளும் இவ்வகையின. ஆண்டு வருமானம் ரூ.2.5 இலட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்கு மேற்படக் கூடாது, ஆண்டு மின்செலவு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது, கார் கூடாது. வங்கியிலும் அஞ்சலகத்திலும் உள்ள பணத்தைப் பற்றி அதில் பேச்சில்லை.

கருநாடகத்தில் முன்னுரிமைக் கார்டுக்குரிய வரம்பு ஆண்டு வருமானம் ரூ.1.2 இலட்சம். மூன்று எக்டேருக்கு மேல் புன்செய், அல்லது அதற்கு ஈடான நன்செய், இருக்கக் கூடாது. நகரத்தில் 1,000 சதுர அடிக்கு மேற்பட்ட சொந்தக் கல்வீடும், சொந்தப் பயன்பாட்டுக்கான நான்கு சக்கர வண்டியும் கூடா. பிழைப்புக்காக ஓட்டும் வாடகை வண்டி, டிராக்டர் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வருமான வரி செலுத்துவோருக்குக் கார்டு இல்லை.

ஓர் இலட்சம், நான்கு உருவம்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குப் போகும் சாலையில் உள்ள கௌதள்ளி எங்கள் ஊர். 1956 நவம்பர் முதல் நாள் வரை கொள்ளேகால வட்டம் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. பிழைக்க வந்த எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களிடையே ஓர் அச்சம் உலவுகிறது. "பேங்கில் பணம் போட்டால் கார்டு போய்விடும்" என்று பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் சிலர் பணத்தை அரிசிப் பானையில் வைக்கிறார்கள். சிலர் பதிவில்லாத சீட்டில் போடுகிறார்கள். இந்த அச்சம் எவ்வளவு உண்மை?

நான்கு குடும்பங்கள் ஆளுக்கு ஓர் இலட்சம் ரூபாய் சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். முதற் குடும்பம் நகை வாங்கிற்று. நகை விதியில் இல்லை, கார்டுக்குத் தீங்கில்லை. இரண்டாங் குடும்பம் வங்கியில் வைப்பு வைத்தது. இருப்பு கணக்கில் வாராது. ஆனால் அதன் வட்டி வருமானத்தில் சேரும். நூற்றுக்கு 7 என்றால் ஆண்டுக்கு ரூ.7,000. மூன்றாங் குடும்பம் சிறிது நிலம் வாங்கிற்று. முன்னுள்ள நிலத்தோடு சேர்ந்து மூன்று எக்டேரைத் தாண்டாத வரையில் கவலையில்லை. நான்காங் குடும்பம் பிள்ளைகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல உதவும் என்று பழைய கார் ஒன்றை வாங்கிற்று. அதன் கார்டு போய்விடும்.

தொகை ஒன்றே, உருவம் வேறு, விளைவும் வேறு. நம் விதிகள் ஏழையின் செல்வத்தை அளப்பதில்லை. அச்செல்வம் எந்த உருவத்தில் இருக்கிறது என்பதையே அளக்கின்றன. நான் சொல்ல விரும்பும் முதன்மையான கருத்து இதுதான். ஆகவே, வங்கிப் புத்தகத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; வட்டியை மட்டும் மறவாமல் கணக்கில் எழுத வேண்டும்.

2023 ஆகஸ்டு 30ஆம் நாள் இதே மைசூரில் தொடங்கிவைக்கப்பட்ட கிருகலட்சுமித் திட்டத்துக்கு இவ்வரம்பும் இல்லை. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியாக உள்ள பெண்ணுக்கு மாதம் ரூ.2,000. அவரோ கணவரோ வருமான வரியோ சரக்கு சேவை வரியோ செலுத்துவோராக இருந்தால் மட்டுமே தடை. அப்பணத்தில் மாதம் ஐந்நூறு சேர்த்து வைத்தால் உதவி நின்றுவிடும் என்பது வெறும் வதந்தி.

வதந்தி பிறக்கவும் காரணம் உண்டு. 2021 பிப்ரவரியில் அப்போதைய உணவு அமைச்சர் உமேஷ் கத்தி, தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் இருசக்கர வண்டியும் உடையோர் கார்டைத் திருப்பித் தர வேண்டும் என்றார். எதிர்ப்பு எழவே அப்பேச்சு கைவிடப்பட்டது. 2024 நவம்பரில் பல கார்டுகள் நீக்கப்பட்டுக் கூக்குரல் எழுந்தது. அரசு ஊழியரும் வரி செலுத்துவோரும் அல்லாதாருக்குத் திருப்பித் தருமாறு அரசு ஆணையிட்டது. விதி அடிக்கடி அசைந்தால் எளியவன் வங்கியை அன்றி வேறு எதை ஐயுறுவான்?

படியும் சரிவும்

இனி இவ்விதியின் வடிவத்தைப் பார்ப்போம். கிடைமட்டத்தில் வருமானத்தையும், செங்குத்தில் உதவியையும் வைத்து வரைபடம் வரைந்தால், கருநாடகக் கார்டின் கோடு ரூ.1.2 இலட்சம் வரை சமமாகச் சென்று, அங்கே செங்குத்தாக விழுகிறது. இது படி. இங்கிலாந்தின் கோடோ 6,000 பவுனிலிருந்து சிறிது சிறிதாக இறங்கி, இறுதியில்தான் விழுகிறது. இது சரிவு.

ஆண்டுக்கு ரூ.1,10,000 கூலி ஈட்டும் குடும்பம், மகளின் படிப்புக்காக ரூ.2 இலட்சம் வைப்பு வைத்துள்ளது என்போம். வட்டி ரூ.14,000. மொத்த வருமானம் ரூ.1,24,000. வரம்பைத் தாண்டியது ரூ.4,000தான். ஆனால் இழப்பது அரிசி மட்டுமா? ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கருநாடகத் திட்டத்தில் முன்னுரிமைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை மருத்துவம் உண்டு. மற்றவர்க்கு அரசு ஏற்பது நிர்ணயித்த கட்டணத்தில் நூற்றுக்கு 30தான், அதுவும் ரூ.1.5 இலட்சம் வரை. நாலாயிரம் ரூபாய் வட்டிக்காக ஒரு குடும்பம் நோயின்போது இலட்சங்களை இழக்க நேரும்.

அந்த ரூ.1.2 இலட்சமும் பெருந்தொகையா? 2025-26ஆம் ஆண்டில் கருநாடகத்தில் ஊரக வேலைத் திட்டக் கூலி நாளுக்கு ரூ.370. அதே கூலிக்குக் கணவனும் மனைவியும் ஆண்டில் ஆளுக்கு 163 நாள் உழைத்தாலே வரம்பு தாண்டிவிடும்.

ஆதலின் மூன்று திருத்தங்கள் வேண்டும் என்பது என் எண்ணம். படியைச் சரிவாக்க வேண்டும். விலைவாசியோடு வரம்பும் ஏற வேண்டும். கல்விக்கும் மருத்துவத்துக்கும் வைத்த சிறு சேமிப்பின் வட்டியை வருமானத்தில் சேர்க்கலாகாது. சேமிப்பைக் கணக்கிடவே கூடாதா எனில், அங்ஙனம் சொல்லேன். பத்து வீடு வைத்திருப்பவனும் வாய்க்கால் வறண்டதாகக் கூறி வரிசையில் நிற்கலாம். அவனை விலக்கத்தான் வேண்டும். ஆனால் அவனைப் பிடிக்க விரித்த வலையில் கூலிக்காரனின் வைப்புத் தொகை சிக்கலாகாது.

நாம் செய்யத் தக்கது

விதி மாறும் வரை நம் கையில் இருப்பது அறிவு. ஒவ்வொரு திட்டத்துக்கும் விதி வேறு. ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்தலாகாது. வட்டியை மறைப்பதும், பிறர் பெயரில் பணத்தைப் போடுவதும் ஆபத்து. முன்னது பொய்யாகும், பின்னது பணத்தையே இழக்கச் செய்யலாம். வைப்பு வைக்குமுன் ஆண்டு வட்டியையும் கூலியையும் கூட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

இக்கணக்கைப் போடத் தெரியாத தாய்மார் நம் ஊர்களில் உள்ளனர். படிவங்கள் கன்னடத்தில் இருப்பதால் மலைக்கும் தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. நமக்கு இரு மொழியும் தெரியும். கூட்டலும் பெருக்கலும் தெரியும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஐந்து குடும்பங்களுக்கு இதை விளக்கினால், அரிசிப் பானையில் கிடக்கும் பணம் வங்கிக்குப் போகும். சீட்டில் தொலையும் பணம் வீட்டில் நிற்கும். நம் சங்கம் இப்பணியை வரும் விடுமுறையிலேயே தொடங்கட்டும்.